கிண்ணக் கொடி மலையேறிய நாள்

சென்ற தை மாதம் மூன்றாவது வாரத்தில் கொடிக் கடையிலிருந்து போன் வந்தது. பேசியவள் வசந்தி. நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசையில் உட்காருபவள். அந்த மேசையில் இப்போது கம்பாஸும் டிரேசிங் தாளும் இல்லை. துணி வெட்டும் இயந்திரத்தோடு இணைத்த கம்ப்யூட்டர் இருக்கிறது.

"ராணிக்கா, அந்தக் கிண்ணக் கொடி மறுபடியும் வேணுமாம். மலை மேல சிஸ்டர் கேக்கறாங்க. வளையத்தோட தடிமன் எவ்ளோன்னு மெசினு கேக்குது. இன்னா குடுக்கறது?"

"கொடி உயரம் இன்னா?"

"அத நீங்கதான சொல்லணும்?"

"உயரத்த நீ சொல்லு. மீதிய நான் சொல்றேன்."

அந்தக் கொடியில் எதற்கும் அங்குலக் கணக்கு கிடையாது. கொடியின் உயரத்தைப் பத்தாகப் பிரித்தால் நடுவில் உள்ள சின்னத்தின் விட்டம் ஆறு பங்கு. அந்த விட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் வளையத்தின் தடிமன் ஒரு பங்கு. மேசை மேல் வைக்கும் கொடிக்கும் மைதானத்தில் பறக்கும் கொடிக்கும் இதே கணக்குதான். சொல்லி முடித்ததும் வசந்தி கேட்டாள்: "இதத்தான் செக்போஸ்ட்ல புடிச்சாங்களாமே! மாஸ்டர் பாதி சொல்லிட்டு சிரிக்க ஆரம்பிச்சிடறாரு. முழுசா யாருக்கா சொல்றது? நீங்களாவது எழுதி வைங்க."

எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. தேதி விஷயத்தில்தான் கடை மாஸ்டருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. அது புதன்கிழமை என்பார் அவர். இல்லை, வியாழன். 2024ஆம் ஆண்டு குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வியாழன். தேர்தல் தேதி அறிவித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த ஞாயிறு குருத்தோலை பிடித்தபோது என் மனம் எவ்வளவு லேசாக இருந்தது என்பது எனக்கு மறக்காது.

நான் பிறந்தது களமருதூரில். அரசு ஓவியத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் தேறி, ஓவிய ஆசிரியை வேலைக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தேன். அழைப்பு வரவில்லை, கல்யாணம் வந்தது. கள்ளக்குறிச்சிக்குக் குடிவந்த மறு வருடம் கொடிக் கடையில் வரைவு வேலைக்குச் சேர்ந்தேன். கட்சிக் கொடி, கோயில் கொடி, பள்ளி விளையாட்டு விழாக் கொடி எல்லாம் தைக்கும் கடை. முதல் சில ஆண்டுகள் நான் செய்ததெல்லாம் நட்சத்திரத்துக்கு ஐந்து முனையும் சமமாக வரும்படி பார்த்துக்கொண்டதுதான்.

கடையின் மேற்பார்வை மாணிக்கம் மாஸ்டர். யார் என்ன குறையைக் கொண்டுவந்தாலும் அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். கொடியை ஓர் உதறு உதறி, ஒரு முனையை வந்தவர் கையில் கொடுத்து, "புடிங்க" என்பார். மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பார். துணி இழுபட்டு நிமிர்ந்து நிற்கும். அப்புறம்தான், "இப்ப சொல்லுங்க."

ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர் படியேறி வந்த வேகத்திலேயே கத்தினார். "யோவ், செவப்பு கம்மியா இருக்குதுய்யா! இதக் கட்டினா எங்க தலைவர் இன்னா நெனப்பாரு?" மாஸ்டர் முனையைக் கொடுத்தார். அவர் பிடித்தார். இரண்டு கையும் துணியில் மாட்டிக்கொண்டதும் அவரால் கையை வீசிப் பேச முடியவில்லை. கையை வீச முடியாதவருக்குக் கோபம் பாதியாகிவிடுகிறது. சன்னல் வெளிச்சம் துணியில் விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். "வெளிச்சத்துல சரியாத்தான் இருக்குது" என்றார். "டீ சாப்பிடறீங்களா?" என்றார் மாஸ்டர். மடித்து வைத்துப் பார்க்கும் கொடி வேறு, விரித்துப் பார்க்கும் கொடி வேறு. மாஸ்டர் இதை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. முனையை மட்டும் கொடுப்பார்.

ஜப்பான் வேலை எங்களுக்குச் சென்னையில் இருந்த ஓர் ஏற்றுமதி ஏஜெண்ட் மூலம் வந்தது. அந்த நாட்டில் ஒவ்வொரு நகரத்துக்கும், சின்ன ஊருக்கும்கூடத் தனிக் கொடி உண்டு. நகராட்சியே அதை அறிவிப்பாக வெளியிடும். அதோடு ஒரு வரைபடம் இருக்கும். கம்பாஸ் முள்ளை எங்கே ஊன்ற வேண்டும், எந்த வளைவு எந்தப் புள்ளியிலிருந்து புறப்பட வேண்டும் என்பதெல்லாம் அதில் தெரியும். முதல் தாள் கைக்கு வந்தபோது எனக்கு எழுத்து ஒன்றும் புரியவில்லை, படம் முழுக்கப் புரிந்தது. ஓவியத் தேர்வில் ஜியோமெட்ரிக்கு நான் பட்ட பாடு அன்றைக்குத்தான் பலித்தது.

அதன்பின் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒசாகா நகரத்தின் சின்னம் ஆற்று முகத்தில் படகுகளுக்கு வழி காட்ட நட்ட மரக்கம்பம். 1894இல் ஏற்றது. நகோயாவின் சின்னம் ஒரு வட்டத்துக்குள் எட்டு என்னும் எண். 1907இல் ஏற்றது, அதற்கு முன் அந்தப் பகுதியை ஆண்ட குடும்பத்தின் அடையாளம். ஹிரோஷிமாவுக்கு மூன்று அலைக்கோடுகள், அங்கே ஓடும் ஆறுகள். பல ஊர்கள் தங்கள் பெயரின் எழுத்தையே வளைத்து ஒரு பறவையாகவோ பூவாகவோ ஆக்கிக்கொண்டிருக்கின்றன. அறிவிப்பில் விளக்கமும் இருக்கும். ஏஜெண்ட் அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவார். வட்டம் ஒற்றுமை, மேலே எழும் கோடு வளர்ச்சி, இரண்டு பக்கமும் விரிந்தால் எதிர்காலம். ஏறக்குறைய எல்லா ஊருக்கும் இதேதான். நம் ஊர் விழா அழைப்பிதழ் போலவே இருக்கிறது என்று நானும் மாஸ்டரும் சிரித்திருக்கிறோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் அங்கே சின்ன ஊர்களைச் சேர்த்துப் பெரிய ஊர்களாக்கினார்கள். ஐந்து ஊர் ஒன்றானால் ஐந்து கொடிகளை இறக்கிவிட்டுப் புதிதாக ஒன்று ஏற்றுவார்கள். எங்களுக்கு ஆர்டர் குவிந்தது. பல ஆண்டு கழித்து விழுப்புரத்திலிருந்து எங்கள் மாவட்டம் பிரிந்தபோது பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்குத்தான் வேலை வந்தது, கொடிக் கடைக்கு வரவில்லை.

நாள்பட நாள்பட ஒரு வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது. நம் கொடிகள் நிறத்தால் ஆனவை. தூரத்தில் ஒரு கம்பத்தின் நுனியைப் பார்த்தே, அது யாருடைய கூட்டம், அந்தத் தெருவுக்குள் போகலாமா வேண்டாமா என்று நம் ஆட்கள் சொல்லிவிடுவார்கள். ஜப்பான் நகரக் கொடிகள் கோட்டால் ஆனவை. பழைய குடும்பச் சின்னங்களின் வழியில் வந்தவை என்பதால் கூரை ஓட்டில் அச்சாகப் பதித்தாலும், காகித விளக்கில் ஒரே மையில் எழுதினாலும் அடையாளம் தெரிய வேண்டும். நான் அவற்றை வரைந்து முடித்ததும் கீழே உள்ள கடையில் ஜெராக்ஸ் எடுத்துப் பார்ப்பேன். கறுப்பு வெள்ளையில் கோடு தப்பாமல் நின்றால் வேலை சரி. கட்சிக் கொடியை ஜெராக்ஸ் எடுத்தால் மேலே ஒரு சாம்பல், கீழே ஒரு சாம்பல், அவ்வளவுதான்.

இனி கிண்ணக் கொடி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம். நடத்துகிறவர் பிலோமினா சிஸ்டர். ஜப்பானில் ஒரு மலை ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அங்கே ஒரு நூலக அறை கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதைத் திறக்க அவர்களே வருகிறார்கள் என்றும், அவர்கள் ஊர்க் கொடி வாசலில் பறந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொல்லி, சிஸ்டர் வரைபடத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மரக் கிண்ணம். ஒரு மரத்தின் பாலை வடித்து, அதில் நிறம் கலந்து, கிண்ணத்தின் மேல் பூசிப் பூசி மினுக்குவார்களாம். கொடியின் பின்னணி அந்தக் கிண்ணத்தின் சிவப்பு. நடுவில் கறுப்பு வளையம், மேலிருந்து பார்த்தால் தெரியும் கிண்ணத்தின் விளிம்பு. வளையத்திலிருந்து உள்நோக்கி மூன்று வளைவுகள், ஒரே ஊராகச் சேர்ந்த மூன்று பள்ளத்தாக்குகள். மூன்றும் நடுவில் தொடாமல் நிற்கும். நடுவில் மிஞ்சும் இடம் கிண்ணத்தின் குழி. ஊர்ப் பெயரின் முதல் எழுத்தும் அதற்குள் ஒளிந்திருப்பதாக சிஸ்டர் சொன்னார். நான் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் இன்றுவரை என் கண்ணுக்கு அது அகப்படவில்லை.

சிவப்பும் கறுப்பும். துணியை வெட்டும்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். இந்த இரண்டு நிறமும் சேர்ந்தால் நம் ஊரில் அது எந்தக் கட்சி என்பதில் சண்டை வரலாம், கட்சியா என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஜப்பான் வேலையில் பழகிய கண் எனக்கு. அதில் கிண்ணம்தான் தெரிந்தது.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. வியாழன் காலை பத்து மணி சுமாருக்குச் சேகரின் லோடு ஆட்டோவில் கொடிகளைக் கட்டாகக் கட்டி ஏற்றினோம். சேகர் கச்சிராயபாளையத்துக்காரர். அந்த ஒரு வண்டிதான் அவருக்கு எல்லாம். பங்குனி மாதம் மலையில் புளி உலுக்கும் காலம். கீழேயிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது புளி மூட்டை ஏற்றி வருவார். வருடத்துக்கு ஆகிற சம்பாத்தியம் அந்த இரண்டு மாதத்தில். மாஸ்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால் கொடிக் கட்டின் மேல்.

கோமுகி அணையைத் தாண்டி மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தினார்கள். தேர்தல் பறக்கும் படை. பொறுப்பில் ஓர் அதிகாரி அம்மா, ஓர் ஏட்டு, தோளில் பெரிய பழைய கேமராவோடு ஒரு கல்யாண வீடியோக்காரர். தேர்தலுக்காக அவரை நாள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

"பின்னாடி இன்னாம்மா?"

"கொடிங்க" என்றேன். அந்த நேரத்தில் அந்த இடத்தில் அதைவிடத் தப்பான சொல் கிடையாது.

ஏட்டு பொட்டலத்தை இறக்கினார். இங்கே எங்கள் கடையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தைத்த கொடிகளைப் பொட்டலம் கட்ட நாங்கள் காகிதம் வாங்குவதில்லை. நிறம் பிசகிய, தையல் கோணிய கழிவுக் கொடிகளையே மேலே சுற்றிவிடுவோம். கொடிக் கடைக்காரர்களுக்கு அது வெறும் துணி. ஏட்டு முதல் சுற்றைப் பிரித்தார். ஒரு கட்சியின் கொடி. "மேடம்!" என்றார். கேமரா ஓட ஆரம்பித்தது. இரண்டாம் சுற்றைப் பிரித்தார். அந்தக் கட்சிக்கு நேர் எதிர்க் கட்சியின் கொடி.

அதிகாரி அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாங்க இது? ரெண்டு பேருக்கும் சேத்தா ஓட்டு கேக்கப் போறீங்க?"

"அது வேஸ்ட் துணிங்க மேடம்" என்றார் மாஸ்டர். "மேல சுத்தறதுக்கு."

"அப்ப உள்ள இருக்கறது?"

உள்ளே கறுப்பும் சிவப்புமாக அடுக்கு. ஏட்டு ஒன்றை உருவி, "இது மூணாவது கட்சி மேடம்" என்றார். வீடியோக்காரர், "இல்ல சார், இது எங்க தெருவுல புதுசா ஆரம்பிச்சாங்களே, அது" என்றார்.

"ஜப்பான் கொடிங்க" என்றேன்.

"ஜப்பான் கொடி எனக்குத் தெரியாதாம்மா? வெள்ளைல செவப்பு வட்டம்."

"இது அங்க ஒரு ஊரோட கொடிங்க."

"ஊருக்கு எதுக்கும்மா தனிக் கொடி?"

பையிலிருந்து வரைபடத்தை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத யாரு படிக்கறது? நீங்க படிங்களேன், கேப்போம்." நான் என்ன படிக்க? சிஸ்டருக்குப் போன் போட்டோம். மலை மேல் சிக்னல் இல்லை.

கொடியைப் பிடித்தால் வண்டியையும் பிடிப்பார்கள். சேகருக்கு அது எங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது.  "மேடம், வண்டி என்னுதுங்க. நான் வாடகைக்கு வந்தவன். மேல புளி கட்டி வெச்சிக்கினு காத்துக்கினு இருக்காங்க மேடம்."

"எனக்குப் புரியுது தம்பி. நான் வுட்டுட்டேன்னு வை, நாளைக்கு ஒருத்தன் போட்டோ புடிச்சிப் புகார் குடுப்பான். என் வேலை போயிடும். கேஸ் எழுதினா ஓட்டு எண்ற வரைக்கும் வண்டி இங்கயே நிக்கும். நானா ஆசப்படறேன்?"

ஓட்டு எண்ணுவது ஜூனில். புளியெல்லாம் அதற்குள் சந்தைக்குப் போயிருக்கும்.

அந்த அம்மா இரக்கமில்லாதவர் இல்லை. அவரே ஒரு வழி சொன்னார். "ஒண்ணு பண்ணுங்க. எல்லாத்துலயும் குறுக்க ஒரு வெள்ளைப் பட்டி தெச்சிடுங்க. பாக்கறவனுக்குக் கட்சின்னு தோணாது. நானும் வுட்டுடறேன்."

"தெச்சிடலாங்க மேடம்!" என்றார் சேகர் உடனே. "சார், கச்சிராயபாளையத்துல என் மச்சான் டெய்லருங்க. ஒரு மணி நேர வேலை."

ஏட்டு உருவிய கொடியை மாஸ்டர் வாங்கி மடித்தார்.  கிண்ணத்தின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டி போட்டால் அது அந்த ஊரின் கொடி இல்லை. தங்கள் கொடியைப் பார்க்க எங்கிருந்தோ வருகிறவர்கள் கோடு போட்டு அடித்த கிண்ணத்தைப் பார்ப்பார்கள். அதே நேரம் எதிரில் நிற்கிற மனிதருக்கு வண்டி போகிறது. இரண்டில் ஒன்று என்றால் மாஸ்டர் வண்டியைத்தான் காப்பாற்றுவார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கொடிகளை மேலே கொண்டுபோக மாட்டார் என்பதும் தெரியும்.

"சார், இன்னா சார் யோசன? ஒரு துணிக்காவ என் வண்டியப் போவ வுடுவீங்களா?" சேகர் கெஞ்சினார்.

மாஸ்டர் பொட்டலத்திலிருந்து ஒரு கொடியை எடுத்து உதறினார். ஒரு முனையை அதிகாரி அம்மாவிடம் நீட்டினார். "புடிங்க மேடம்."

"நானா?"

"ஒரே ஒரு தடவ விரிச்சிப் பாத்துடுங்க மேடம். அப்பறம் நீங்க சொல்றபடி பட்டி தெச்சிடறோம்."

அவர் பிடித்துவிட்டார். மாஸ்டர் பின்னால் நடந்தார். அடிவாரக் காற்றில் துணி படபடத்து நிமிர்ந்தது. பிடித்திருப்பவருக்குக் கொடி முழுசாகத் தெரியாது. "ஏட்டு, நீங்க வந்து புடிங்க" என்று கொடுத்துவிட்டு, சாலையின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். "கட்சி மாதிரிதான் இருக்குது" என்றார். 

அப்போதுதான் வீடியோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மேடம், இதுல பாத்தா தட்டு மாதிரி தெரியுது."

"எதுல?"

"என் கண்ணாடில. பழைய கேமரா மேடம், உள்ள பாக்கறது கறுப்பு வெள்ளதான். ஒரு தட்டு... இல்ல, சொம்ப மேலருந்து பாத்தா இருக்குமே, அப்படி."

எத்தனையோ ஆண்டு ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தவள் நான். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. அதிகாரி அம்மா வந்து கேமராவில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவில்லை. "ஏட்டு, அந்த வேஸ்ட் துணியக் கொஞ்சம் பக்கத்துல புடிக்கச் சொல்லுங்க." சேகர் ஓடிப்போய்ப் பிடித்தார். முதலில் ஒரு கட்சி, பிறகு மற்றது.

"ராணிம்மா, நீங்களும் பாருங்க" என்றார் மாஸ்டர். பார்த்தேன். கட்சிக் கொடிகள் இரண்டும் சாம்பல் பட்டைகளாகக் கிடந்தன, எது எது என்றே தெரியவில்லை. பக்கத்தில் கிண்ணம் வளையமும் குழியுமாகத் தெளிவாக நின்றது.

அதிகாரி அம்மா தன் மேலதிகாரிக்குப் போன் செய்தார். "பேர் இல்ல சார், கட்சிச் சின்னம் எதுவும் இல்ல சார். பாத்திரம் சார்... ஆமா சார், சாப்பிடற பாத்திரம். வீடியோ இருக்குது சார்." மறுமுனையில் என்ன சொன்னார்களோ, இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ளதான் கட்டணும். ரோட்டுல ஒண்ணு கூட வரக்கூடாது. இந்த வேஸ்ட் துணி ரெண்டும் இங்கயே இருக்கட்டும்."

"வண்டிங்க மேடம்?" என்றார் சேகர்.

"எடுத்துக்கினு போப்பா! பாத்திரத்தப் பத்திரமா கொண்டு சேரு."

சேகர் வண்டியைக் கிளப்பிய வேகத்தில் மாஸ்டர் ஓடித்தான் ஏற வேண்டியிருந்தது.  முதல் வளைவு தாண்டியதும் சேகர் முன்னாலிருந்து கத்தினார்: "பட்டி தெச்சிருந்தா நான் சாவற வரைக்கும் என்னத் திட்டியிருப்பீங்க இல்ல சார்?" மாஸ்டர் சொன்னார்: "ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டேன். முனையக் கைல குடுத்திருப்பேன்." பின்னால் சுற்றுத்துணி இல்லாத கொடிக் கட்டைக் காற்று தூக்காமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நான் சிரித்தேன். மலையேற ஏறக் காற்று குளிர்ந்தது.

மறுநாள் விழாவுக்கு இருந்துவிட்டே வந்தோம். வந்தவர்களில் மூத்தவர் வெள்ளை முடியுள்ள ஒரு பெரியவர். கேட்டுக்குள் வரிசையாகப் பறந்த கொடிகளைப் பார்த்து ஒவ்வொன்றின் கீழும் நின்று நின்று வந்தார். மாலையில் கொடிகளை இறக்கியபோது மாஸ்டர் ஒன்றை உதறுவதற்குள் அவரே வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், மடிக்க உதவிதான். இரண்டு பேரும் துணியை இழுத்துப் பிடித்து நின்றார்கள். அவர் ஏதோ சொன்னார். சிஸ்டர் எங்களுக்குச் சொன்னார்: "வளையம் சரியா இருக்காம். அவங்க ஊர்லயே சில பேரு ஒல்லியாத் தெச்சிடறாங்களாம்." மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். அன்று கடைசிவரை அவர் முகத்திலிருந்த மலர்ச்சி போகவில்லை.

கொடிகளில் ஒன்று காற்றில் முள்வேலியில் மாட்டி ஓரம் கிழிந்திருந்தது. சேகர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். புளி மூட்டைகளை ஏற்றி, அதைத்தான் மேலே விரித்துக் கட்டினார். இறங்கும்போது அடிவாரத்தில் வேறொரு படை இருந்தது. புதிய ஏட்டு கையைக் காட்டி நிறுத்தினார். மேலே பார்த்தார்.

"இது எந்தக் கட்சிடா?"

சேகர் வண்டியை அணைக்கவில்லை. "கிண்ணம் சார்" என்றார். "சந்தேகமா இருந்தா கேமராவுல பாருங்க."

அந்தக் கொடி வெயிலில் வெளுத்துவிட்டது. சிவப்பு இளஞ்சிவப்பாகி, கறுப்பு சாம்பலாகிவிட்டது. போன வாரம் சங்கராபுரம் சாலையில் அந்த வண்டி என்னைத் தாண்டிப் போனது. புளி மூட்டைகளின் மேல் வளையம் அப்படியே இருந்தது.